தமிழ்மதி கூப்பிட்ட சத்தம்

மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிற நாங்கள் எல்லோருமே கத்திப் பேசுகிறவர்கள். எங்களுக்கு அது கத்தலாகவே தெரியாது. பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், எதற்கென்று நாங்கள் முழிப்போம். அதிலும் என் பக்கத்துத் தறிக்காரர் ராஜ்கமல் ரகசியம் சொன்னால் தெருக்கோடி வரைக்கும் செய்தி போய்விடும். இருபது வருசத் தறிச் சத்தத்தில் காது பாதி போன மனுசன்.

அவருக்கு ஒரே மகள் தமிழ்மதி, ஆறாம் வகுப்பு. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தறிக்குடோன் வாசலில் நின்று "அப்பா" என்று ஒரு கத்துக் கத்துவாள். எல்லாத் தறிகளையும் மீறி அவர் காதுக்கு எட்டுகிற ஒரே குரல் அதுதான்.

போன ஆடியில் கபடி விளையாடும்போது விழுந்து அவளுக்குப் பின்மண்டையில் அடிபட்டுவிட்டது. ஸ்கேனில் பயப்படும்படி எதுவுமில்லை, மூளை குலுங்கியிருக்கிறது, சத்தமும் வெளிச்சமும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெதுவாகத்தான் சரியாகும் என்றார் டாக்டர். மெதுவாக என்றால் பத்து நாள் என்று நினைத்தோம். தீபாவளி வந்தும் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துத்தான் கிடந்தது.

அவர்கள் வீடு குடோனை ஒட்டியே இருந்தது. அதனால் ஊர்க்கோடித் தென்னந்தோப்புக்குள் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினார்கள். அவர் மனைவி தேவிப்பிரியா பனியன் கம்பெனி செக்கிங் வேலையை விட்டுவிட்டு மகளோடு உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாள். மிக்ஸியைத் தொடவே இல்லை. இத்தனை செய்தும், அப்பா வந்து பேசினால் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. மெதுவாகத்தானே பேசுகிறேன் என்று என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, அது மெதுவு இல்லீங்க. நீங்க கத்துறீங்க. புள்ளைக்கு வலிக்குது."

சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவர் மகள் இருந்த அறைக்குள் போகவில்லை. சாயங்காலமானால் ஜன்னலுக்கு வெளியே கிடந்த கல்லில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் துணியையே பார்ப்பார். அவள் வாசலில் நின்று கூப்பிடுவதை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்று என்னிடம் சொல்வார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் பால் கொடுக்கப் போயிருந்தேன். ஜன்னல் துணி ஓரமாக விலகியது. தமிழ்மதி அப்பாவைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். தறி ஓடும்போது நாங்கள் அப்படித்தான் பேசுவோம், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். குடோனில் தொட்டில் கட்டி வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாதா? எங்களுக்குத்தான் இத்தனை மாசமாகத் தோன்றவில்லை. அவர் எழுந்து நின்று, சாப்பிட்டேன் கண்ணு என்று உதட்டாலேயே பதில் சொன்னார்.

பிறகு தினமும் பேசினார்கள். ஒருநாள் தெம்பாக இருக்கிறதென்று பாடப் புத்தகத்தைத் திறந்தாள். மறுபடி நாலு நாள் படுக்கை. பங்குனியில்தான் அரைநாள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

அந்த மாசக் கடைசியில் தேவிப்பிரியா அவளைக் குடோன் வாசலுக்குக் கூட்டிவந்தாள். பிள்ளையின் காதில் பஞ்சு வைத்திருந்தது. ராஜ்கமல் முதுகைக் காட்டிக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். பிள்ளை வாயைத் திறந்தது. உதட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்த பிறகுதான் வாய்விட்டே கூப்பிடுகிறாள் என்று புரிந்தது. குரல் பழையபடி இல்லை, அவருக்கு எட்டவில்லை. எட்டு மாசம் காத்துக் கிடந்தவருக்கு அது கேட்காமல் போய்விட்டது.

நான் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினேன். கூப்பிட்டாள், நிசமாகவே கூப்பிட்டாள் என்று கத்தினேன்.

துணி பாதியில் தறி நின்றால் கோடு விழும், அந்தத் துணி கழிவில் போகும். அப்படி நிறுத்துகிறவர்களைக் கண்டபடி திட்டுகிற ஆள் அவர். நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். எல்லாத் தறியும் நின்றது. அந்த அமைதியில்கூட அவர் வாய்விட்டுப் பேசவில்லை. உதட்டை மட்டும் அசைத்து, இன்னொருக்கா கூப்பிடு சாமி என்றார்.

"அப்பா."

அவருக்குக் கேட்டது. சுவிட்சுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதார். சத்தம் வந்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.