மலைக்குப் போட்ட மேஜை

“ராத்திரி பூரா புகை விட்டியே, தொண்டை வலிக்கலையாடி ஒனக்கு?” என்று சமையலறை ஜன்னல் வழியாக எட்னாவைக் கேட்டுவிட்டுத்தான் வெனேரா காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவாள். சிசிலியில் எங்களுக்கு அந்த எரிமலை ஒரு பெண்பிள்ளை. வெனேராவுக்கோ சொன்ன பேச்சுக் கேட்காத மருமகள். வசவு முடிந்ததும் தவறாமல் ஒரு யோசனையும் சொல்லிவைப்பாள்: “எறங்கி வந்தீன்னா மொதல்ல நெல்லோ வீட்டுக்குப் போ. அவன் வீட்ல அடுப்பே எரியறதில்ல.” தெருவே கேட்டுச் சிரிக்கும்.

அவளுக்குத் தொழில் வெளுப்பு. சாம்பல் கக்கும் மலையின் மடியில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைத் துணி உலர்த்திப் பிழைக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். ஓட்டல் படுக்கை விரிப்புகள், மாதா கோயில் பீட விரிப்பு எல்லாம் அவள் கொடியில்தான் காயும். சாம்பல் விழுந்தால் அவளுக்கு இரண்டாம் துவைப்பு. எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்குக் கண் மருந்து வியாபாரம். அதனால் மலையைத் திட்டும்போது என்னையும் விடுவதில்லை. முற்றத்துச் சாம்பலை அள்ளி, மதிலுக்கு அந்தப் பக்கம், நெல்லோவின் தோட்டத்தில் கொட்டிவிடுவாள்.

நெல்லோ பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, கஞ்சர். அவருக்கும் அவளுக்கும் மதில் தகராறு. ஒருவர் வாசலை மற்றவர் மிதித்துப் பல வருஷமாகிறது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பெண் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் எங்களை உட்கார்த்தி, ஆப்பிரிக்காவைத் தாங்கும் நிலத்தட்டு ஐரோப்பாவை முட்டித் தள்ளுகிறது, நடுவில் விழுந்த கிழிசல் வழியாக உருகிய பாறை மேலேறுகிறது என்று விளக்கினாள். வெனேரா தலையைச் சாய்த்துக் கேட்டாள். “அப்போ ஆப்பிரிக்கா நெல்லோ, ஐரோப்பா நான். அவன் மதிலைத் தள்ளுறான், நான் நகர மாட்டேங்கறேன். என் தலைக்கு மேல புகை வராம என்ன பண்ணும்?”

இந்த வசந்தத்தில் மலையின் விலா கிழிந்து, நெருப்புக் குழம்பு எங்கள் ஊரைப் பார்த்து இறங்கியது. ஆள் நடையைவிட மெதுவாகத்தான் வரும். அதுதான் கொடுமை, வீடு போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் கதவு, ஜன்னல்களைக் கழற்றி வண்டியில் ஏற்றினோம். தண்ணீர்த் தொட்டிமேல் குழம்பு ஏறினால் வெடிக்கும், காலி செய்யுங்கள் என்று அதிகாரிகள் கத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் என்று நெல்லோ மறுத்தார். வெனேரா பாவாடையைத் தூக்கிச் செருகி மதிலேறிக் குதித்து, அவர் தொட்டியைத் திறந்துவிட்டாள். “வீடு வெந்தா வேகட்டும், வெடிச்சு என் கொடியில விழக் கூடாது.”

ஊரைவிட்டுக் கிளம்புமுன் வீட்டைக் கூட்டிக் கழுவி, மேஜைமேல் ரொட்டியும் ஒயினும் வைப்பது எங்கள் வழக்கம். மலை வீட்டுக்குள் வந்தால் விருந்தாளியாக வரட்டும். நெல்லோ ரெக்ஸின் துண்டை விரித்துப் புளித்த ஒயினை வைத்தார். வெனேரா விரித்தது பீட விரிப்பு. மந்திரிக்க வந்த பாதிரியார் அதைக் கண்டதும் கூரையின் அழகைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

குழம்பு நெல்லோவின் வீட்டை அப்படியே விழுங்கி, மதிலையும் மூடி, வெனேராவின் துணிக்கொடி வரை வந்து நின்றுவிட்டது.

திரும்பிப் போகலாம் என்றதும் அவளுடைய ஜன்னலைத் தோளில் சுமந்து நானும் போனேன். முற்றத்தில் நெல்லோ நின்றார், கழற்றிய தன் கதவைக் கட்டிப்பிடித்தபடி. அந்தக் கதவை மாட்ட அவருக்கு இனி வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் குழம்பை அடுத்தவன் நிலத்துக்குத் திருப்பிவிட்டாய் என்பதைவிடப் பெரிய பழி கிடையாது. அதைத்தான் சொன்னார். “தெனம் காலைல சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டே. பீட விரிப்பு வேற.”

வெனேரா தன் கொடியையும் அதை ஒட்டி நின்றுபோன பாறையையும் பார்த்தாள். அவர் கையிலிருந்த கதவைக் காட்டி, “கதவை ஓரமா சாத்திட்டு உள்ள வா. வச்சது அப்படியே இருக்கு” என்றாள்.

“அது எனக்கு வச்சதில்லையே.”

“வர்றவங்களுக்கு வச்சது. ரொட்டி கல்லாயிருக்கும், ஒயின்ல தோய்ச்சுக்கோ. பல்லு போனா மருந்துக்கடைக்காரர் பாத்துப்பார்.”

நெல்லோ வாசலில் செருப்பைத் தட்டி உதறிவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டமில்லாத ஜன்னலுக்கு நேரே, அவர் வீடு இருந்த இடத்தில் கறுப்புப் பாறை புகைந்துகொண்டிருந்தது. ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. வெனேரா ஒயினை ஊற்றி வைத்தாள். பிறகு குனிந்து, அவரோடு சேர்த்தே நாற்காலியைப் பிடித்து இழுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டாள்.