பிரேக் போட்டால் மட்டும்

இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்த பிறகுதான் அப்பா நான் ஓட்டும் காரில் முதல்முறையாக ஏறினார். வேலை பார்த்த காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டியவர். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் சும்மா உட்கார்ந்து வர அவருக்கு ஆகாது. அதிலும் மகள் ஓட்டினால் சுத்தமாக ஆகாது. ஆனால் ஆபரேஷன் நடந்தது வேலூரில். மாதாமாதம் போய்க் காட்டவேண்டும், காலுக்குப் பயிற்சியும் எடுக்கவேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியாது.

முதல் பயணத்திலேயே பிரச்சினை வந்தது. ஹைவேயில் தாமல் தாண்டி, முன்னால் போன லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். கையில் ஸ்டியரிங் தடதடவென்று ஆடியது. மிதித்த கால் வரைக்கும் அதிர்ந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தொடையைப் பிடித்தார்.

"இன்னாமா மிதி இது? மாவு மிஷின்ல உக்காந்துக்கினு வர்ற மாதிரி இருக்குது."

என் மிதியில்தான் கோளாறு என்று அவருக்கு அப்போதே முடிவாகிவிட்டது. எனக்கும் சந்தேகம் வந்தது. எங்கள் வீடு இருக்கும் செவிலிமேட்டிலிருந்து நான் வேலைக்குப் போகும் இடம் பக்கம்தான். பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. ஊருக்குள், கோயிலுக்கு வரும் வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில், வேகமாக ஓட்ட வழியே கிடையாது. அங்கே இந்த ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

"உன் மிதி இல்லன்னா வீல் பேலன்ஸ் போயிருக்கும். டயர் கடையில காட்டு," என்றார் அப்பா, வீடு வந்து சேர்ந்ததும். காட்டினேன். சரிபார்த்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் அதே ரோட்டில் அதே ஆட்டம்.

"அவன் ஒழுங்கா பண்ணல."

"அப்பா, இப்ப எண்பதுல போறேன். ஆடுதா?"

"இல்ல."

பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு பிரேக்கை மெதுவாகத் தொட்டேன். ஆடியது. காலை எடுத்தேன். நின்றுவிட்டது.

"பிரேக் போட்டா மட்டும்தான் ஆடுது. பேலன்ஸ் போயிருந்தா சும்மா போகும்போதே ஆடணும் இல்ல?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டாள், வரும் வழியில் வலி இருந்ததா என்று. "ரோடு சரியில்லமா," என்றார். அது புது ரோடு. என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாரா, தன் டயர் யோசனையை விட்டுக்கொடுக்காமல் சொன்னாரா, தெரியவில்லை.

ஒலிமுகமதுபேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். அப்பாவிடம் சொல்லாமல் வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்லியேமா."

"ஊருக்குள்ள ஓட்டினா தெரியாது பாய். ஹைவேக்கு வாங்க."

யோசித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அவர்தான் ஓட்டினார். ஹைவேயில் வேகம் பிடித்து, ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங் அவர் கையில் ஆடுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"இருக்குதுமா. நல்லாவே இருக்குது," என்றார்.

கோளாறு உறுதியானதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

ஓரமாக நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தார். முன்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. கடைக்கு வந்து சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பிரேக் கட்டைகள் விலகிக்கொடுப்பதற்காக உள்ளே இருக்கும் ஒரு பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் கட்டை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. சூடு ஏறி ஏறி டிஸ்க் ஓர் இடத்தில் மெலிந்தும் ஓர் இடத்தில் தடித்தும் போய்விட்டது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். முன்சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க், புதுக் கட்டை.

அடுத்த இரண்டு பயணமும் வண்டி அமைதியாக நின்றது. "பேலன்ஸ் பண்ணது இப்பதான் செட் ஆயிருக்குது," என்றார் அப்பா.

அதற்கடுத்த முறை ஆட்டம் திரும்பி வந்தது. லேசாகத்தான். ஒருவேளை என் கால்தானோ? அப்பாவுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டார்.

"ஸ்டியரிங் மேல கை வெக்கட்டுமா?"

வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். "இப்ப போடு," என்றார். போட்டேன். "இன்னொரு வாட்டி." போட்டேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன் கால்ல ஒண்ணும் இல்ல. வண்டியிலதான் இருக்குது. நாளைக்குப் பாய்கிட்ட நானும் வரேன்."

பாயைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பாய் கொடுத்த பில்லை வண்டியிலேயே போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பாய் புது டிஸ்க்கைக் கழற்றினார். அது உட்காரும் இடத்தில் துரு பொரிந்து நின்றது. விரலால் சுரண்டிப் பார்த்து நெற்றியைத் துடைத்தார்.

"என் தப்புதான்மா. துருவைச் சுரண்டாம அது மேலயே மாட்டிட்டேன். டிஸ்க் நேரா உக்காரல. சாஞ்சாப்ல சுத்திச் சுத்தித் திரும்பவும் தேஞ்சிருக்குது."

அப்பா சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். டிப்போவில் மெக்கானிக்குகளிடம் அவர் போட்ட சண்டைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான்.

"வேலை மும்முரத்துல விட்டுப்போறதுதான் பாய். இப்ப பாத்து மாட்டுங்க," என்றார்.

கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துப் பளபளப்பாக்கினார் பாய். டிஸ்க்குகளை லேத்தில் கொடுத்துச் சமமாக்கி மாட்டினார். ஓரத்தில் ஒரு அளவுக்கருவியை வைத்துச் சுற்றிக் காட்டினார். முள் அசைந்தது தெரியவேயில்லை. இரண்டு பேரும் குனிந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு ஆட்டம் வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது குறைந்துவிட்ட சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "திருமுக்கூடல்ல ஆத்துல தண்ணி போவுதாம். போய் பாத்துட்டு வரலாமா?"

பாலத்துக்குப் பக்கத்தில் நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். இறங்க வேண்டாம் என்றார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீட்டில் இருந்தபடியே தண்ணீரைப் பார்த்தார். நான் போய் டீ வாங்கிவந்தேன்.