அண்ணன் சரிசெய்த இடது பக்கக் கண்ணாடி

முதல் வருஷ நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் நான், டாக்டரிடம் பேசியதும் நான், கருமாதிக்குச் சமையல்காரரைப் பிடித்ததும் நான். இதையும் முடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். குறை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருஷம் திரும்பியும் உடம்பில் அலுப்பு போகவில்லை.

எங்கள் அண்ணன் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சின்ன போர்ஷனில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு, தேனாம்பேட்டையில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்தார். தம்பியையும் என்னையும் படிக்க வைத்தார். எனக்குக் கல்யாணம் செய்து அனுப்பிய பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தார். தீபாவளிக்குத் தி.நகர் போனால் எல்லோருக்கும் துணி எடுப்பார். அவருக்கு என்று கேட்டால், "போன வருஷத்துதே புதுசாத்தான் இருக்கு" என்பார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ரிட்டயர் ஆனதும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, ஏற்கெனவே மூன்று கை மாறிய பழைய வண்டி. ஆழ்வார்பேட்டை ஃப்ளாட்டின் கீழே அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாண்ணே?"

"இந்த வயசுலதான் பாப்பா தேவை" என்றார். அறுபதைத் தொடப்போகும் என்னை அவர் கடைசி வரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அந்த வண்டியின் இடது பக்க ஜன்னல் கண்ணாடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைத் தூக்கியவர்கள்தான். ஏசி எப்போதோ படுத்துவிட்டதால் கண்ணாடியை இறக்காமல் போக முடியாது. சுவிட்சைத் தொட்டதும் சமர்த்தாக இறங்கிவிடும். ஏற்றும்போதுதான் வம்பு. மோட்டார் உறுமும், கண்ணாடி பாதியில் நின்றுவிடும். அண்ணன் கியர் பக்கத்திலிருக்கும் சுவிட்சை அழுத்திக்கொண்டே "ம், பிடி, பிடி!" என்பார். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஓர் உள்ளங்கையை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைத்து, கண்ணாடியை அமுக்கிப் பிடித்து மேலே தள்ள வேண்டும். பட்டுப்புடவையோடு கல்யாணத்துக்குப் போனாலும் இதே கதைதான். அப்படித் தள்ளியும் நாலு விரல் சந்து மூடாமலே நிற்கும். பெரும்பாலும் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் அண்ணி.

"ஏதாவது பண்ணுங்களேன்" என்று அண்ணி ஒருநாளும் கேட்கவில்லை. தாமே வைத்தியம் பார்த்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு மிச்சமிருக்கும் நல்லெண்ணெயைக் கண்ணாடி ஓடும் ரப்பரில் விட்டுக்கொண்டே வந்தார். முதல் நாள் கொஞ்சம் வழுக்கும், அவருக்கும் திருப்தி. வருஷக்கணக்கில் இது நடந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. அடையாற்றில் ஆஸ்பத்திரி. வாடகைக் காரில் போகலாம் என்றால் கேட்டால்தானே? நான் ஓட்ட, அண்ணி பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு ஒடுங்க, அண்ணன் முதன்முறையாக இடது பக்கம் உட்கார்ந்தார். ஐப்பசி மழை. அடையாற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. நாலு விரல் சந்து வழியாகச் சாரல் அவர் முகத்திலும் தோளிலும் அடித்தது. பக்கத்துப் பஸ்ஸின் புகையும் உள்ளே வந்தது. அவர் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா நீ இப்படியா வந்தே?"

"பின்ன? உங்க பக்கம்தான் நல்லா மூடியிருக்குமே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணி. குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அண்ணிக்கு வீசிங், ஈரமும் புகையும் ஆகாது.

மறுநாள் தொடங்கியது பிடிவாதம். "இந்தக் கண்ணாடிய சரி பண்ணாம நான் போக மாட்டேன்."

"வண்டிய வித்துத் தொலைங்கண்ணே! என்னால முடியல" என்று கத்திவிட்டேன். நாள் அதிகமில்லை என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் அது தெரிந்திருந்தது. "வித்தா வாங்குறவன் பொண்டாட்டி நனைவா. அப்புறம் உங்க அண்ணி எதுல போவா?" என்றார்.

புதுப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். கதவின் உள்பலகையைக் கழற்றியதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? ரப்பர்ல எண்ணெய வுட்டது யாரு? தூசி அப்பிக்கினு களி மாரி கீது! முக்கி முக்கி இஸ்துதான் மிஷினே பூட்ச்சி."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "கதவு சத்தம் போட்டா எண்ணெய்தானே விடுவாங்க? விளக்கேத்தின மிச்சத்தைத்தான் விட்டேன்."

அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்தது அன்று மட்டும்தான். "விளக்குக்கு விட்ட எண்ணெயா இது! அதான் வண்டிக்கு இத்தனை நாள் ஒண்ணும் ஆகல."

கண்ணாடியை இழுக்கும் கம்பியும் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் துண்டும் நைந்து விரிசல் விட்டிருந்தன. அந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை. வேறொரு காரின் மிஷினைக் கொண்டுவந்து, கதவில் புது ஓட்டை போட்டுப் பொருத்தினார் மெக்கானிக். ரப்பரை மட்டும் அவரிடம் அண்ணன் விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, வீங்கிய கைகளால் அண்ணியின் எண்ணெயை முழுக்கத் தேய்த்து எடுத்தார். நடுவில் மூச்சு வாங்கும், நிறுத்துவார். "குடுங்க, நான் செய்யறேன்" என்று அண்ணி கேட்டும் கொடுக்கவில்லை.

கண்ணாடி மேலே போனது. கடைசி வரை போய் ஒட்டி மூடியது. சின்னப் பிள்ளைபோல் சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார் அண்ணன். "சார், வுட்ரு சார், புது மோட்டாரும் பூடப் போவுது" என்று மெக்கானிக் கெஞ்சினார்.

அதன் பிறகு அந்த வண்டியில் அண்ணன் ஏறவே இல்லை. அடுத்த முறை ஆம்புலன்ஸ்தான் வந்தது.

கருமாதி முடிந்த வாரம் அண்ணிக்கு மூச்சு இழுத்தது. டாக்டரிடம் நான்தான் ஓட்டிப் போனேன். அதே பாலம். தூறல் விழுந்ததும் கண்ணாடியை ஏற்ற சுவிட்சை அழுத்தினேன். அண்ணியின் கைகள் தாமாகவே எழுந்து, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கண்ணாடியைப் பிடித்தன. அது அவற்றுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு மேலே போனது. வெளியே இருந்த கையை அண்ணி சட்டென்று இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார்.

"இனிமே இந்தக் கைய நான் என்ன பண்றது பாப்பா?" என்று கேட்டுவிட்டு அழுதார். அண்ணன் போன நாளில்கூட அவர் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணனின் கடைசி நாட்களில் துணை நின்ற டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய ஃப்ளாட்காரர்களுக்கும், ஓட்டை போட்டுப் பொருத்திய மெக்கானிக்குக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷமும் முகம் சுளிக்காமல் அந்தக் கண்ணாடியை மேலே தள்ளிய உறவினர்கள், நண்பர்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன்.

வண்டியை விற்கவில்லை. இனி யார் ஏறினாலும் கண்ணாடியைத் தூக்க வேண்டாம், சுவிட்சை அழுத்தினால் போதும். அண்ணன் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் போனார்.