கேட்காமல் பூசிய நீலம்

சலவை அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது அந்த பிரெஸ்பிட்டேரியன் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கொதிநீருக்கும் ஆவிக்கும் நடுவில் நின்று படுக்கை விரிப்புகளை வெளுத்து எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் பட்டப்பெயர் போகவில்லை. "ஆவி உள்ளயே தங்கிடுச்சு, அதான் அப்பப்போ மூடி பறக்குது" என்று பெண்கள் சங்கத்தில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் நன்கொடைப் பெட்டியில் யாராவது காலர் நைந்த சட்டையைப் போட்டிருந்தால், அதை மடித்து எடுத்துக்கொண்டு போய், போட்டவர் வீட்டு வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்.

அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து செத்தான். அந்த நாட்களில் சபையிலிருந்து ஒரு கூட்டம் அரிசி மூட்டையோடு வந்தது. மூட்டையைக் கொடுப்பதற்கு முன்னால் அவளை வாசலுக்குக் கூப்பிட்டு, வெயிலைப் பார்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தது. ராத்திரி வேலை முடிந்து, தலைகூட வாராமல் நின்றாள். அந்தப் படம் சபை அறிவிப்புப் பலகையில் ஒரு வருடம் தொங்கியது. அதற்கு முன்னால் நின்றுதான் வாராவாரம் செருப்பைக் கழற்றினாள்.

ஓய்வுக்குப் பிறகு சபையின் மதியச் சாப்பாட்டு ஊழியத்தில் சேர்ந்தாள். தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கேரியரில் சோறு கொண்டுபோகும் வேலை. அவள் பங்குக்கு வந்தவர்களில் ஒருவர் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஒரு மில் அலுவலகத்தில் டெலிபோன் இணைப்புப் பலகையின் முன்னால் ஆயுளைக் கழித்தவர். மூன்றாவது வார்த்தையிலேயே பேசுகிறவர் பசியில் இருக்கிறாரா, பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு யார்கிட்ட சண்டை?" என்பார் கதவைத் திறக்கும்போதே.

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"படியில கால் வைக்கிற சத்தத்துலயே தெரியுது. பாவம் அந்தப் படி."

அவர் வீடு ஒரு நீண்ட நடையும் அதை ஒட்டிய மூன்று அறைகளும். சுவர் பெயர்ந்திருந்தது, உண்மைதான். ஆனால் கட்டில் காலிலிருந்து குளியலறை வரை சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடியது. சமையலறை வாசலில் ஒரு முடிச்சு, குளியலறையில் இரண்டு, தெருக்கதவுக்குத் திரும்பும் இடத்தில் மூன்று. உப்பு, வாய் உடைந்த ஜாடியில். சர்க்கரை, தகர டப்பாவில். மாத்திரைகள், காலைக்கு ஒன்றும் ராத்திரிக்கு இரண்டுமாக ரப்பர் வளையம் போட்ட இரண்டு குப்பிகளில். யார் துணையும் இல்லாமல் அவர் காபி போட்டுக் குடிப்பார். அவளுக்கும் போட்டுக் கொடுப்பார்.

அந்த வருடச் சேவை நாளுக்கு அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, மஞ்சள் பனியன் போட்ட அறுபது பேர் ஒரு வீட்டுக்குள் இறங்கி அதைப் புதிதாக்குவார்கள். பொறுப்பு, சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் ஒருவரான கட்டட ஒப்பந்தக்காரருடையது. சபையார் ஓட்டுப் போட்டு நான்கு முறை தேர்ந்தெடுத்த மனிதர். தாராளமானவர், கெட்டவரென்று யாரும் சொல்ல முடியாது. செய்வது எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும் அவருக்கு.

திட்டக் கூட்டத்தில் அக்கா கையைத் தூக்கினாள். "அவர்கிட்ட கேட்டீங்களா?"

"அவருக்கு ஆச்சரியமா இருக்கட்டும் சிஸ்டர். முன்னாடியே சொல்லிட்டா என்ன சுவாரஸ்யம்?"

"கண்ணு தெரியாதவருக்கு வீட்டுல ஆச்சரியம் எதுக்குங்கய்யா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எந்த நிறம் அடிப்பது என்பதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஆகாய நீலம் ஜெயித்தது. அவளை அறுபது பேருக்குச் சமைக்கும் பொறுப்பில் போட்டார்கள். அவளும் ஒருமுறை சொல்லியாயிற்று என்று வாயை மூடிக்கொண்டு, சனிக்கிழமை முழுக்க சபைச் சமையலறையில் வெங்காயம் நறுக்கினாள். அந்த வெங்காயத்துக்காகத் தன்னை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆபரேட்டரைக் காலையிலேயே காரில் ஏற்றி வேறொருவர் வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். சாயங்காலம் கொண்டுவந்து விட்டு, கையைப் பிடித்து ஒரு சுற்று நடத்திக் காட்டி, கைதட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் படங்களைத் திரையில் போட்டார்கள். நீலச் சுவர். ஏணியில் பிள்ளைகள். பெரிய ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்ட கட்டில். சமையலறை அலமாரியில் ஒரே அளவில் பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் அழகாக அச்சடித்து ஒட்டிய பெயர்: உப்பு, சர்க்கரை, காபி. சபை கைதட்டியது. அக்கா அந்தச் சீட்டுகளைப் பார்த்தாள். கைதட்டல் ஓய்வதற்குள் கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தட்டியும் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து குரல் தரையோடு தரையாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனபோது, அவர் நடையில் ஒருக்களித்துக் கிடந்தார். விடிந்ததிலிருந்து அப்படியே. வேட்டி நனைந்து காய்ந்திருந்தது. ஒரு கை மட்டும் புதுச்சுவரில் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, கயிறு எங்க?"

அவள் பக்கத்து வீட்டுக்காரரை ஆட்டோ கூப்பிட அனுப்பினாள்.

இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் நேராகச் சபைக் கூடத்துக்கு வந்தாள். சேவைக் குழு அங்கே நன்றி விருந்தில் இருந்தது. கேரியரை மூப்பரின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் கயிறு என்னாச்சு?"

"எந்தக் கயிறு? ஓ, அந்த அழுக்குக் கயிறா? குப்பையோட போயிருக்கும். ஏன் சிஸ்டர்?"

சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி, மூச்சு விடாமல் சொன்னாள். மூப்பரின் முகம் வெளுத்தது. அவர் மெதுவாக, "நல்ல மனசோடதானே செஞ்சோம்" என்றார்.

"உங்க நல்ல மனசை அவர் இடுப்புல வச்சுக் கட்ட முடியுமா? அவர் வீட்டுக்குள்ள அவரையே குருடாக்கிட்டு வந்திருக்கீங்க. நேத்து வரைக்கும் அந்த வீட்டுல அவர் குருடர் இல்ல."

அடுத்த வாரம் மூப்பர் சங்கம் அவளை அழைத்தது. ஒரு மூப்பரைப் பொதுவில் அவமதித்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். போதகர் மேசையைப் பார்த்தபடி, "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாங்க, அம்மா" என்றார்.

"இருக்கலாம் பாஸ்டர். புத்தியுள்ள அறுபது பேர் போய்த்தானே இப்படி ஆச்சு. நான் வருத்தம் சொல்றேன். யார் யார் என்னென்ன சாமானை நகர்த்தினாங்களோ, அவங்களே வந்து, அவர் சொல்ற இடத்துல வைக்கட்டும். வச்ச அன்னைக்குச் சொல்றேன்."

மூப்பர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேட்டர் கூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வந்தது சந்தோஷம். ஆனா வந்ததுலேருந்து உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னுதான் சொல்லிட்டிருக்கீங்க. எனக்கு வலிக்குதான்னு கேக்கலையே."

இரண்டரை மாதம் கழித்து, நடைச்சட்டம் பிடித்தபடி அவர் வீடு திரும்பினார். அறுபது பேரில் ஏழு பேர் வந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கட்டிலைத் திருப்பினார்கள். மூப்பர் தன் கூலியாட்கள் இருவரை அனுப்பியிருந்தார். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். "இது கான்ட்ராக்ட் இல்லன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுங்கப்பா."

மறு சனிக்கிழமை மூப்பரே வந்தார், கையில் புதுக்கயிற்றோடு. ஆபரேட்டர் தடவிப் பார்த்து, முடிச்சு ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்பார். மூப்பர் அவிழ்ப்பார். மறுபடி கட்டுவார். நான்காவது முறை அவர் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது.

அக்கா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். "அன்னைக்குக் கூடத்துல கத்தினதுக்கு வருத்தப்படுறேன்" என்றாள்.

"இன்னும் கோவமா சிஸ்டர்?"

"ஆமாங்கய்யா."

அது உண்மை. ஆபரேட்டர் அதற்குப் பிறகு தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போகவே இல்லை. அந்த முப்பது அடி தூரத்தை யாராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

வருடக் கடைசியில், சபையின் உதவிப் பணிகளைக் கவனிக்கும் டீக்கன் பதவிக்கான தேர்தலில் அக்காவின் பெயரை முன்மொழிந்தது மூப்பரின் மனைவி. கட்டிலைத் திருப்ப வந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. அக்கா எழுந்து, "வீட்டுக்காரங்களைக் கேக்காம யார் வீட்டுக்குள்ளயும் காலை வைக்கிறதில்லன்னு முதல்ல தீர்மானம் போடுங்க, அப்புறம் என்னைப் போடுங்க" என்றாள். இரண்டும் நிறைவேறின. பதினொரு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பதினொரு பேர் யாரென்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த சேவை நாளுக்கு முன்னால், இரட்டைக் குழந்தை பெற்ற ஒரு தையல்காரியிடம் போய்க் கேட்டாள். கணவன் விட்டுவிட்டுப் போனவள்.

"உனக்கு என்னம்மா வேணும்? சுவருக்கு வெள்ளையடிக்கவா, கூரை பாக்கவா?"

"ஒண்ணும் வேணாம்கா. வாரத்துல ரெண்டு நாள் யாராவது வந்து இதுங்களைப் பாத்துக்கிட்டா, ரெண்டு மணி நேரம் தூங்குவேன்."

சபையில் அறிவித்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் மூன்று பேர். தூங்கும் பெண்ணைப் படமெடுத்துத் திரையில் போட முடியாதல்லவா.

முதல் நாள் அக்காவே போனாள். பால் எங்கே, துணி எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்த தையல்காரி, பாதி வாக்கியத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அக்கா இரு தோளிலும் இரு பிள்ளைகளைப் போட்டுத் தட்டிக்கொண்டே அறையில் நடந்தாள். வராதவர்களின் பெயர்களை மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினாள், பிள்ளைகள் விழித்துவிடாதபடி வாயைத் திறக்காமல்.