சுண்ணாம்புக் குழியோரம் ஒரு தண்ணீர்த் தொட்டி

பொங்கலுக்கு வெள்ளையடிக்க நேற்று வாசலில் சுண்ணாம்பு நீற்றினார்கள். தண்ணீர் பட்டதும் கொதகொதவென்று கொதித்து ஆவி கிளம்பியது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போக, நான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நான் அதற்குள் ஆம்பூருக்குப் போய்விட்டேன்.

அது வெள்ளைக்காரன் காலம். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பு. சுண்ணாம்பு பூசி ஊறவைத்த ஆட்டுத்தோலிலிருந்து ரோமம் பிடுங்குவது எங்கள் வேலை. ஈரத்தோல் நாற்றத்தோடு, பதனிடப் போடும் ஆவாரம்பட்டை வாசனையும் கலந்து வரும். அது பழகிவிட்டால் சோற்றில்கூட மணக்கும். காலை வெயிலில் ரோமம் மெல்லப் பறந்து பறந்து எங்கள் தலையில் இறங்கும். மத்தியானத்துக்குள் குமரிகள் எல்லோரும் நரைத்துப் போவோம். எனக்கு வாய் ஜாஸ்தி. மேஸ்திரி தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டுவேன்.

அப்படி நடந்து காட்டிய ஒரு நாள்தான், சிரித்துக்கொண்டே தோலை உதறிய என் தோழி பச்சையம்மாளின் வலது கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. யாரோ ஒருத்தி சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். நான் அதைத் தட்டிவிட்டேன்.

"தண்ணி ஊத்தாதடி, கண்ணு வெந்துடும்!"

தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு கொதிப்பதைத் தினம் தினம் பார்க்கிறவர்கள் நாங்கள். சொம்புக்காரியும் பின்வாங்கிவிட்டாள். கைக்குழந்தைக்காரி குப்பு ஓடிவந்து தாய்ப்பால் பீய்ச்சினாள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார். "ஒருவாட்டி தண்ணி பட்டு நீத்துப்போன சுண்ணாம்பு மறுபடி கொதிக்காதும்மா. ஒடனே தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா பார்வை தங்கியிருக்கும்" என்றார். சொம்பைத் தட்டிவிட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியோரம் நல்ல தண்ணீர்த் தொட்டி வைக்காமல் தோலைத் தொடமாட்டோம் என்று மறுநாள் வெளியே உட்கார்ந்துவிட்டோம்.

"அதான் கெணறு இருக்குதே, இன்னா பேஜாரு?" என்றார் மேஸ்திரி.

"சுண்ணாம்பு பட்டு கண்ணு தொறக்க முடியாதவ கெணத்துக்கு எப்டி போவா? நீங்க தூக்கினு போவீங்களா?" என்று கத்தியது நான்தான்.

ஊறிய தோல் யாருக்காகவும் காத்திருக்காது. மூன்றாம் நாள் அழுகல் நாற்றம் கிளம்பியதும் தொட்டி வந்தது. எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள். நானும் வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கோசரம் எவ்ளோ சண்ட போட்டடி" என்றாள்.

தினமும் காலையில் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். யார் கண்ணில் தெறித்தாலும் முதலில் ஓடுவது அவள்தான். அவள் கையால் பிழைத்த கண்கள் எத்தனையோ.

இப்போது அந்த ஷாப்பு இல்லை. குழிகளைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். பச்சையம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று கண்ணை மூடிக்கொண்டு துடித்தவளுக்கு தண்ணீரைத் தடுத்தது என் குரல் என்று தெரியாமலா இருந்திருக்கும்? அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. மேஸ்திரியிடம் அத்தனை வாய் பேசிய நான், அவளிடம் அதை மட்டும் சொல்லவே இல்லை.