பிரிக்காத ஓடு

புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கோர்ட்டுக்குப் போனவள் என்றா சொல்கிறீர்கள்? குழாயடியில் நின்று சொல்லுங்கள், கேட்க ஆளிருக்கும். ரோசம்மாள் காட்டிக்கொடுக்கப் போனது முதலில் தன்னைத்தான்.

உத்தமபாளையத்தில் சங்கரலிங்கம் முதலாளியின் வரிசை வீடொன்றில் வாடகைக்கு இருந்தவள் அவள். பிறந்தது அனுமந்தன்பட்டி. வாய் கொஞ்சம் நீளம். குடியிருப்போர் சங்கம் கூடினால் முதல் ஆளாய் எழுந்துவிடுவாள்.

"கோர்ட்டு உத்தரவு இல்லாம ஆளை எறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காம். இருந்து என்ன செய்ய? ஆளை வெளிய தள்ளி வீட்டைப் பூட்டுறவுகளப் பிடிச்சு உள்ள போடுற சட்டமில்ல வேணும்!"

கூட்டம் கைதட்டும்.

அந்தப் புரட்டாசியில், ஓடு மேய்கிற அவள் புருஷன் மிக்கேல் வந்து, "மழைக்கு முன்ன ஓடு பிரிச்சு மேயச் சொல்லிட்டாக முதலாளி. மொதல்ல ஞானசெல்வி வீடு" என்றான். ரோசம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பேச்சுக்குப் பயந்துதான் முதலாளி செய்கிறார் என்று நினைத்தாள்.

ஓடு பிரித்தால் தூசி கொட்டும். அதனால் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்துவிடுவது வழக்கம். அதே வரிசையில் குடியிருந்த கைக்குழந்தைக்காரி ஞானசெல்வி தயங்கினாள்.

"முதலாளி காலி பண்ணு, காலி பண்ணுன்னு நிக்கிறாகளே, அக்கா."

"அட போடி, பயந்தாங்கொள்ளி! நான் இருக்கேன்ல?"

ரோசம்மாளே உள்ளே போய்ப் பானை, பாய், தொட்டில் எல்லாம் சுமந்து வந்து வேப்பமரத்தடியில் இறக்கினாள். கடைசிச் சட்டி வெளியே வந்ததும் முதலாளியின் ஆள் கதவைப் பூட்டினான். மிக்கேல் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஒரு ஓட்டைக்கூட அவன் தொடவில்லை.

"அவளாத்தான் காலி பண்ணுனா. தெருவே பாத்துச்சு" என்றார் முதலாளி.

ஞானசெல்வி ஒரு வார்த்தை திட்டவில்லை. "தொட்டிலை மட்டும் உங்க வீட்டுக்குள்ள வைக்கட்டுமா, அக்கா? தூறல் விழுது" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன்பிறகு ரோசம்மாள் ஆள் கலைந்த பின்தான் குழாய்க்குப் போனாள். சங்கத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. ஞானசெல்வி கோயில் கொட்டகையில் பிள்ளையோடு கிடந்தாள். அவளுக்காக வழக்குப் போட்ட வக்கீல், சாமான் எதற்காக வெளியே வந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வந்தால்தான் வீடு திரும்பக் கிடைக்கும் என்றார். பார்த்த தெரு முழுக்க முதலாளியின் வீடுகள். யாரும் வாய் திறக்கவில்லை.

"தெரிஞ்சுதானே ஏணி போட்டீக?" என்று மிக்கேலைக் கேட்டாள்.

"போடலேன்னா நம்ம சாமான் தெருவுல நிக்கும். பேசாம கெட."

வழக்கு நாளன்று விடிந்ததும் சேலை மாற்றிக்கொண்டாள்.

"எங்கடி போற?"

"எடுத்து வெளிய வச்சது நாந்தான்னு சொல்ல. எதுக்கு வச்சேன்னும் சொல்லணும்ல."

"என் பேரும் வருமா?"

"வரும்."

மிக்கேல் வழியை மறிக்கவில்லை, ஒதுங்கி நின்றான். ஞானசெல்வியின் தொட்டில் இன்னும் கதவோரத்தில் சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ரோசம்மாள் வாசலைத் தாண்டினாள்.