செல்லபாய் திறந்து பார்த்த பானைகள்

அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே, பனங்காட்டு ஓரத்தில் இருந்த ஓலைச் சாய்ப்புக்கு 1931-ல் செல்லபாய்தான் ராணி. பனையேறியான அவள் கணவன் மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அழுது முடித்த கையோடு, பதநீர்க் கலயத்தைக் காட்டி, "எல்லாரும் அக்கானியைக் காய்ச்சி கருப்பட்டிதான் போடுதாவ. நாம கற்கண்டு விளைய வப்போம்" என்று நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள். முதல் இரண்டு வருடம் பானைக்குள் கூழ்தான் கிடைத்தது. ஊர் சிரித்தது. மூன்றாம் வருடம் நூலில் கற்கண்டு பிடித்ததும், சிரித்தவர்களே வாங்க வந்து நின்றார்கள்.

ஆளை வைத்து வேலை வாங்குவதில் கெட்டிக்காரி. சாய்ப்புக்கு முதலில் வருவாள், கடைசியில் போவாள். கூட வேலை செய்த ஜெபகனி காய்ச்சலில் கிடந்தபோது வீடு தேடிக் கஞ்சி கொண்டுபோனவள். ஒரே ஒரு குறை, தன்னைவிட இன்னொருத்தி கெட்டிக்காரி என்றால் அவளுக்குப் பொறுக்காது. பூங்கனி வேலைக்கு வரும்வரை அது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது.

பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்து, செல்லபாய் தவித்துக்கொண்டிருப்பாள். பூங்கனி அகப்பையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "எக்கா, எறக்குங்கோ" என்பாள். பதம் சரியாகவே இருக்கும். தப்பாக இருந்தாலாவது மனசு ஆறும்!

அந்த வருடம் கோட்டாற்று வியாபாரி செய்யது அலி வந்தார். கொழும்புக்கு அனுப்பப் பன்னிரண்டு பானைச் சரக்கு கேட்டார். "போன தடவை அந்தப் பிள்ள காய்ச்சுனது கண்ணாடி கணக்கா இருந்துது. அதே மாதிரி வேணும், கேட்டியளா?" என்று செல்லபாயிடமே சொன்னார்.

அந்தப் பிள்ளையாம்! ஏழு வருடம் அடுப்பில் வெந்தவள் எதிரே மரம் மாதிரி நிற்கிறாள். செல்லபாய் சிரித்தபடி தலையாட்டினாள். ஆறு பானை தனக்கு, ஆறு பூங்கனிக்கு என்று பிரித்தாள். யார் கை பெரிது என்று பார்த்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

பாகை ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, வாயைத் துணியால் கட்டிப் பானையை உமிக்குள் புதைத்துவிட்டால், நாற்பது நாள் அந்தப் பக்கம் அதிர்ந்து நடக்கக்கூடாது. பானை அசைந்தால் கற்கண்டு கட்டியாகப் பிடிக்காது, மணலாய் உதிரும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே செல்லபாய்தான்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று நின்றுகொண்டவள் நேரே சாய்ப்புக்கு வந்து, பூங்கனியின் பானை ஒன்றைத் தோண்டித் தூக்கினாள். நூலை இழுத்துப் பார்த்தாள். ஒரு பழுதும் இல்லை. ஒன்றாவது சொத்தையாக இருக்காதா என்று அடுத்ததைத் தூக்கினாள். இப்படியே ஆறும் முடிந்தது. கெடுக்கவா வந்தேன், சும்மா பார்க்கத்தானே வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உமியைத் தள்ளி மூடினாள். அசைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது?

நாற்பதாம் நாள் செய்யது அலி முன்னால் பானைகளைத் திறந்தார்கள். செல்லபாயின் ஆறும் சுமார். பூங்கனியின் ஆறிலும் உதிரி. வியாபாரி முகம் சுளித்தார். பூங்கனி ஒரு பிடி அள்ளி வெகுநேரம் பார்த்தாள்.

"பதம் தப்பிட்டேன் எக்கா. எனக்க கை போயிட்டு. இனி அடுப்புகிட்ட வரல்ல, வெறகு பொறக்குதேன்."

செல்லபாய் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் பூங்கனி தன் கையையே வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றதை அவளால் தாங்க முடியவில்லை.

"உனக்க கைக்கு ஒண்ணும் இல்லட்டி. பன்னெண்டாம் நாளு நான்தான் பானைய எல்லாம் தூக்கிப் பாத்தேன்."

"நீங்களா? எதுக்கு?" என்றாள் ஜெபகனி.

"பொறாமை. வேற எதுக்கு?"

பூங்கனி ஏசுவாள், உதிரியை மூஞ்சியில் எறிவாள் என்று செல்லபாய் காத்து நின்றாள். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாத்தப்போ எப்பிடி இருந்துது எக்கா?" என்று கேட்டாள் பூங்கனி.

இதற்குப் பதில் சொல்வதுதான் செல்லபாய்க்குக் கடினம். பானையைத் தூக்கியதைச் சொல்வதுகூட எளிதாக இருந்தது.

"கொள்ளாம் மக்கா, கண்ணாடி கணக்கா இருந்துது. ஆறும் கொள்ளாம். எனக்கு ஒருநாளும் அப்பிடி வந்ததில்ல."

பூங்கனி அப்போதுதான் அழுதாள்.